அடம்பும் அதன் சுற்றமும்

"அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது ஈழத் தமிழர் நாவிலே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒற்றுமையை வற்புறுத்த வேண்டிய மேடைகளிலெல்லாம் இதனை எடுத்தாளாத பேச்சாளர் அரியர். ஆயினும், அவருள் அடம்பன்கொடியைக் கையால் தொட்டு, அதன் இலையையும் பூவையும் வேரையும் நோக்கி அறிந்தோர் எத்துணையர் எனக் கேட்பின், விடை மகிழ்ச்சி தருவதாய் இராது. முல்லைத்தீவிலே இதனைக் கற்பித்தல் மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பித்தல் போலாம் எனச் சிலர் நகைக்கலாம். ஒருகால் அஃது உண்மையாக இருந்தது. ஆனால், 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களிற் பேசப் பழகி, பின்வந்த ஆண்டுகளிலே பெற்றோருடன் ஊர் மீண்ட பிள்ளைகள், பாட்டிமாரின் பின்னே வேலியோரமாக நடந்து கீரை பறித்துப் பெயர் கற்கும் வாய்ப்பை இழந்தனர். செடிகொடிகளின் பெயர் ஒரு தலைமுறையிலே அறுந்துபோமாயின், அவற்றின் பயன் அடுத்த தலைமுறையிலே தானே அறுந்துபோம். அவற்றின் நஞ்சு மாத்திரம் அறாது எஞ்சி நிற்கும்.

ஆதலின், அடம்பும் வள்ளையும் தாளியும் வற்றாளையும் அடங்கிய ஐப்போமியா என்னும் சாதியை இனங்காணுமாறு எங்ஙனம், அவற்றுட் பயன்கொள்ளத் தக்கன எவை, அணுகாது விடத் தக்கன எவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

சாதி என்பது இங்கே தாவரவியலாரின் சொல். நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை அது குறிக்கும். ஐப்போமியா என்னும் பெயர் கிரேக்கச் சொற்கள் இரண்டினாலாயது. புழுப் போன்றது என்பது அதன் பொருள். சுற்றிச் சுற்றி ஏறும் கொடியைப் புழுவாகக் கண்டனர் போலும். பெயரின் அழகு அவ்வளவே. நம் முன்னோர் இதனினும் நன்றாகப் பார்த்தனர். குறுந்தொகையின் 243ஆம் செய்யுளாகிய நம்பி குட்டுவனாரின் நெய்தற் பாட்டு, அடம்பின் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கும், அதன் பூவைக் குதிரையின் மணிக்கும் ஒப்பிடுகின்றது. அடும்பு என்பது அதன் பழைய வடிவம். குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிக் கூறப்படும் மலர்களுள்ளும் அதற்கு இடமுண்டு. சுவீடன் தேசத்து லினேயசு 1753இல் இக்கொடிக்குப் பெயரிட்டபோது 'ஆட்டின் அடி' என்னும் பொருள்பட இலத்தீனிலே 'பெசு காப்பிரே' என்றார். அவர் அதனைக் கொன்வொல்வுலசு என்னும் சாதியில் வைத்தார். 1818இல் உரொபேட்டு பிரௌன் ஐப்போமியாவுக்கு மாற்றினார். ஒருவருக்கு மானடி, மற்றவருக்கு ஆட்டடி. இருவரும் கண்டது இலையின் நுனியிலுள்ள ஒரே பிளவைத்தான்.

இனி, மாணாக்கர் கைக்கொள்ள வேண்டிய முறையைச் சொல்வோம். பூவைக் காலையிலே பறித்தல் வேண்டும். இச்சாதியிற் பெரும்பாலனவற்றின் பூ விடியலில் விரிந்து, வெயிலேற வாடிச் சுருங்கிவிடும். நண்பகலுக்குப் பின் ஆய்வுசாலைக்குக் கொண்டுவரப்படும் பூவிலே கற்பதற்கு ஒன்றுமிராது. முதலில் அரும்பைப் பார்க்க. மடித்துச் சுற்றிய குடைபோல அது முறுக்குண்டிருக்கும். விரிந்த பூ புனல் வடிவினது. ஐந்து அல்லிகளும் ஒன்றாய் இணைந்தமையால் விளிம்பு ஏறக்குறைய வட்டமாயிருக்கும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஐந்து பட்டைகள் விண்மீன்போல் ஓடும். புல்லிகள் ஐந்தும் தனித்தனியே நின்று, காய் முற்றும்வரை உதிரா. பூவை நெடுக்காகப் பிளந்தால், கேசரங்கள் ஐந்தும் அல்லிக்குழாயின் அடியில் ஒட்டியிருத்தலையும், அவற்றின் நீளம் ஒத்திராமையையும் காணலாம். தம்பம் ஒன்றே, அதன் முடியிலுள்ள குறி சிறு உருண்டை வடிவினது, பெரும்பாலும் இரண்டு உருண்டைகள் ஒட்டினாற் போன்றது. காய் உலர்ந்து வெடிக்கும் பெட்டகம். உள்ளே பொதுவாக வித்து நான்கு. காம்பையோ தண்டையோ கிள்ளினால் பெரும்பாலானவற்றிற் பால் கசியும்.

நுணுக்குக்காட்டி உள்ள ஆய்வுசாலையில் மகரந்தமணியையும் பார்த்தல் நன்று. ஐப்போமியாவின் மணி முட்கள் நிறைந்த உருண்டை. இதே குடும்பத்து மெரேமியாச் சாதியின் மணியிலே முட்கள் இல்லை. எலிச்செவிக் கீரை மெரேமியாவைச் சேர்ந்தது. அதன் பூ சிறிது, மஞ்சள் நிறத்தது. விட்டுணுகிராந்தி இன்னொரு சாதி. அது சுற்றி ஏறாது, தரையிற் படரும், தம்பம் இரண்டாய் இருக்கும். இவ்விரண்டையும் ஐப்போமியாவிற் சேர்த்தல் தொடக்க மாணாக்கரிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை.

மேனாட்டுத் தோட்ட நூல்களைப் புரட்டும் நம் மாணாக்கர் பிளொக்சு என்னும் பூவின் படத்தைக் கண்டிருப்பர். அதன் குடும்பமும் நமது அடம்பின் குடும்பமும் ஒன்றற்கொன்று அயலென முன்னாளில் கருதப்பட்டன. பெந்தம், ஹூக்கர் ஆகியோரின் பாகுபாட்டிலே இரண்டும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. பிளொக்சுக் குடும்பத்துக் காட்டுப்பூச் சாதி ஒன்றுக்கு 1803இல் பிரெஞ்சு அறிஞர் மிசோ, 'ஐப்போமியாவை ஒத்தது' என்னும் பொருள்படும் ஐப்போமொப்சிசு எனும் பெயரையே இட்டார். அமெரிக்காவிலே வளரும் அதன் செந்நிறக் குழாய்ப்பூவையும் இறகுபோன்ற இலையையும் நம் வேலிகளிற் படரும் மயிர்மாணிக்கத்துடன் ஒருங்கு வைத்தால், அப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஆயின், குறியைப் பார்த்தவுடன் வேறுபாடு வெளிப்படும்: பிளொக்சுக் குடும்பத்தின் குறி மூன்றாய்ப் பிரியும், சூலகமும் மூன்று அறை கொண்டது, பாலும் இல்லை. மரபணு ஆராய்ச்சி இவ்விரண்டையும் இன்று வெகுதூரம் பிரித்துவிட்டது. அடம்பு கத்தரி, மிளகாய், புகையிலை ஆகியவற்றின் பக்கம் நிற்க, பிளொக்சோ தேயிலையும் கருங்காலியும் பாலைமரமும் அடங்கிய வரிசைக்குச் சென்றுவிட்டது. வன்னிக் காட்டுப் பாலைமரத்துக்கும் பனிநாட்டுப் பிளொக்சுக்கும் உறவென்றால் நம்புதற்கு அரிது. தோற்றத்தை மட்டும் நம்பி உறவு சொல்லலாகாது என்பதற்கு இதனைவிட நல்ல பாடம் கிடையாது.

தோற்றத்தை நம்பலாகாமை உறவு கூறுதற்கு மட்டுமன்று, உணவுக்கும் பொருந்தும். இச்சாதியின் பூக்கள் உடன்பிறந்தார்போல் ஒத்திருப்பதால், பூவைக் கொண்டு சாதியை அறியலாமேயன்றி, உண்ணத்தக்க இனத்தைத் தெரிந்தெடுத்தல் இயலாது. அதற்கு இலை, தண்டு, வித்து, வளருமிடம் ஆகிய நான்கையும் நோக்கவேண்டும்.

வள்ளையை எடுத்துக்கொள்வோம். சந்தையிலே கங்குன் எனக் கட்டுக்கட்டாய் விற்கப்படுவதும் இதுவே. குளக்கரையிலும் வாய்க்காலிலும் நீர்மேற் படரும், தண்டு உட்குழலுடையது, ஆதலின் மிதக்கும், கணுதோறும் வேர்விடும், இலை அம்பின் முனைபோன்றது, பூ வெண்மையாகவோ இளஊதாவாகவோ இருக்கும். நல்ல கீரைதான். ஆயின், வளரும் நீரிலுள்ள பார உலோகங்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் இயல்பு அதற்குண்டு. கழிவுநீர் கலக்கும் வாய்க்காலிலே தழைத்திருக்கும் வள்ளை கொழுமையாகத் தோன்றும், அக்கொழுமை ஏமாற்றுவது. குளத்துநீரில் வளர்ந்ததை நன்கு கழுவிச் சமைத்தே உண்ணல் வேண்டும். பச்சையாக உண்ணல் கூடாது. தாளி வேலியிலே ஏறும் மெல்லிய கொடி. இதயவடிவான இலையின் நடுவிலே பெரும்பாலும் கருஞ்செந்நிறத் திட்டொன்று காணப்படும். இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தோன்றி, உட்புறத்தே நிறம் அடர்ந்திருக்கும். இதன் தளிரும் கீரையாகும். புலிச்சுவடி என்பது பெயருக்கேற்ப விரல்களாய்ப் பிரிந்த இலையும், உடலெங்கும் மயிரும் உடையது. ஒருமுறை கண்டவர் மறவார்.

வற்றாளையும் ஐப்போமியாவே என்பது பலருக்கு வியப்பளிக்கும். கிழங்கைத் தோண்டும் நாம் கொடியின் பூவை நோக்குவதில்லை. அமெரிக்காவிலே தோன்றி உலகெங்கும் பரவிய பயிர் இது. மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றின் மரபணுக்கள் இயற்கையாகவே இதனுட் புகுந்து நிலைத்திருத்தலை 2015இல் அறிஞர் வெளியிட்டனர். வற்றாளை பயிரிடுவோர் கருதவேண்டியது ஒன்றுண்டு: கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, பயிர் இல்லாத காலத்திலே அடம்பு முதலிய காட்டு உறவினங்களில் தங்கி வாழும். கரையோரத் தோட்டக்காரர் வண்டு எங்கிருந்து வந்ததெனத் தேடுங்கால் இதனை நினைவிற் கொள்க. வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். அக்கசப்பு, காயத்தை எதிர்க்கக் கிழங்கே உண்டாக்கும் பொருள்களாலாயது. பூஞ்சணம் பற்றி அழுகிய கிழங்கை மாட்டுக்கு எறியும் வழக்கமும் தீது. அதிலுண்டாகும் நச்சுப்பொருள் மாட்டின் நுரையீரலைத் தாக்கிக் கொல்லவல்லது. வெட்டிய நல்ல பாதியை உண்டு, கெட்ட பாதியைத் தொழுவத்துக்கு அனுப்புதல் சிக்கனமன்று.

நீலப்பூவுடைய காக்கட்டானிற் பெயர்க்குழப்பம் ஒன்று நிகழ்கின்றது. அப்பெயர் ஐப்போமியா இனம் ஒன்றுக்கும், அவரைக் குடும்பத்துச் சங்குப்பூவுக்கும் வழங்குகின்றது. முன்னதன் பூ புனல், இலை மும்மடல், காய் உருண்டை. பின்னதன் பூ சங்குபோன்றது, காய் தட்டையான அவரைக்காய். இரண்டின் வித்தும் பேதி மருந்தாக வைத்தியர் கைக்கொண்டவை. மருந்தாவது வைத்தியர் கையில்; பிள்ளைகள் கையில் அது நஞ்சே. ஐப்போமியா வித்துக்கள் சிலவற்றிலே மனத்தை மயக்கும் பொருள்களும் உண்டு. அவை கொடியுடன் கூடிவாழும் பூஞ்சணங்களால் ஆக்கப்படுவன எனக் கண்டுள்ளனர். ஆதலின், எந்தக் காட்டு ஐப்போமியாவின் வித்தையும் சுவைத்துப் பார்த்தல் கூடாது என மாணாக்கருக்கு முதல் நாளிலேயே சொல்லிவைத்தல் ஆசிரியர் கடன்.

ஆடு வளர்ப்போர் அறியவேண்டியது இன்னொன்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்து, தமிழ்நாட்டிலே நெய்வேலிக் காட்டாமணக்கு எனப் பெயர்பெற்று, இலங்கையிலும் இயல்பாய்ப் பரவிவிட்ட செடி இச்சாதியைச் சேர்ந்தது. காட்டாமணக்குக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. கொடியாகாது புதராய் நிமிர்ந்து நிற்பது, தண்டு உட்குழலுடையது, இலை நீண்ட இதயவடிவினது, பூ பெரிது, வெளிறிய ஊதா கலந்த சிவப்பு. ஈரநிலத்திலே கிளையொடித்து நட்டாலே முளைக்குமாதலின் வேலிக்கு நட்டனர். அது வேலியைத் தாண்டி நீர்நிலைகளைப் பற்றிக்கொண்டது. கோடையிலே வேறு பசுமையில்லாத போது ஆடுகள் இதனைக் கடிக்கத் தொடங்கும். சுவைகண்டபின் தேடிச் சென்று தின்னும். அதிலுள்ள சுவெயின்சொனின் என்னும் நஞ்சு நரம்புகளிலே சிறிது சிறிதாய்ச் சேதம் விளைக்கும். தலை நடுங்கும்; பின்னங்கால் தள்ளாடும்; தீனி தின்றும் உடல் மெலியும். பேய்க்குற்றம் என்றும் கண்ணேறு என்றும் நாள்கடத்தாது, ஆட்டை அவ்விடத்தினின்று உடனே விலக்கினால் தேறக்கூடும், காலந்தாழ்ப்பின் தேறாது.

இத்துணைச் சுற்றத்தாரையும் கண்டபின் அடம்புக்கு மீள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்துக் கரையிலே கடலின் உயர்நீர்க்கோட்டுக்கு மேலே முதலிற் குடியேறும் பசுமை இதுவே. பல பாகம் நீண்டு மணலின்மேல் ஓடும் தண்டு. தடித்த, பிளவுபட்ட இலை. இலை காம்புடன் சேருமிடத்தே இரு சிறு தேன்சுரப்பிகள், அவற்றை நாடும் எறும்புகள். ஊதா கலந்த சிவப்புப் பூ. இதனருகே இதே நிறப் பூவுடன் இன்னொரு கொடியும் படர்வதுண்டு. அதன் இலை மூன்று சிற்றிலைகளாலானது, பூ அவரைப்பூ. அது அவரைக் குடும்பத்தது, அடம்பன்று. அடம்பின் வித்து மயிர் போர்த்தது, நீரில் மிதப்பது. உப்புநீரில் நெடுநாள் மிதந்தும் முளைக்கும் ஆற்றல் கெடாது. வெப்பநாட்டுக் கடற்கரைகள் எங்கும் இக்கொடி காணப்படுதற்குக் காரணம் இதுவே.

இலையை வாட்டி வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் கட்டுதல் பழைய கைமருத்துவம். சொறி எனப்படும் இழுதுமீன் பட்டுத் தடித்த இடத்திலே இதன் சாற்றைப் பூசுதல் தாய்லாந்து, அவுத்திரேலியா ஆகிய நாடுகளின் கரையோர மக்களிடமும் உண்டு. தாய்லாந்து அறிஞர் இதனை ஆய்வுசாலையிற் சோதித்து, அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இருத்தலைக் காட்டினர். ஆயினும், மூச்சுத் திணறுமளவுக்கு நஞ்சேறியவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. இலை தேடி நிற்றல் அறியாமை. வேர் தடித்திருப்பதால் வற்றாளைபோல உண்ணலாம் என எண்ணற்க, பேதியாகும்.

ஆனால், அடம்பின் தலையாய பயன் மருந்தன்று. காற்றால் ஓடும் மணல் அதன் தண்டிலும் இலையிலும் தடைப்பட்டுத் தங்கும். மணல் மூட மூடக் கொடி மேலெழுந்து, கணுதோறும் புதிய வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். இங்ஙனம் முழங்காலளவு மேடு தோன்றியபின் இராவணன் மீசை என்னும் முட்புல் வரும். அதன்பின் தாழையும் பிற புதர்களும் வரும். ஒரு கொடியாற் பிடிக்கவொண்ணாத மணலைப் பலகொடி பின்னிப் பிடித்தலைக் கண்ணாற் கண்டவரே அப்பழமொழியை ஆக்கியிருத்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுப் பட்டினத்தை எவ்வாறு துடைத்தெறிந்தது என்பதை இவ்வூரார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொடி அந்த அலையைத் தடுத்திருக்கும் என்று சொல்வோர் உளராயின், அவர் கூற்று மிகை. அத்தகைய அலைக்குக் கொடி ஒரு பொருட்டன்று. ஆயின், தென்னிலங்கையிலே உயர்ந்த மணல்மேடு குலையாது நின்ற இடங்களிற் சேதம் குறைந்தமையும், மேட்டை வெட்டித் தாழ்த்திய இடங்களின் வழியே நீர் புகுந்தமையும் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளிற் பதிவாயின. மேட்டுக்கு வித்திடுவது கொடி. அதனினும் அண்மையான பயன் ஆண்டுதோறும் வருவது: வடகீழ்ப் பருவக்காற்றிலே கடல் கரையை அரிக்கும்போதும், கச்சான் காற்றிலே மணல் எழுந்து வீட்டு வாயிலை மூடும்போதும், அடம்பு படர்ந்த நிலமும் படராத நிலமும் ஒருதன்மையாய் இரா.

இதற்கு மாறாய் உள்ளதையும் மறைத்தல் நேர்மையன்று. கரைவலை இழுப்போர்க்குக் கொடியற்ற வெறுமணல் வேண்டும். வலை சிக்கினால் நட்டம் அவர்க்கே. ஆதலின், கரை முழுவதையும் கொடிக்கு விடுக எனக் கேட்டல் தொழிலறியாதார் பேச்சு. பாட்டின் எல்லைக்குள் வலை இழுக்கவும் உலர்த்தவும் வேண்டிய அகலத்தைத் தொழிலாளரையே கேட்டு ஒதுக்கி, அதற்கு மேற்புறத்தே வாடிகளுக்கும் குடியிருப்புக்கும் கடற்பக்கமாக ஒரு பட்டையைக் கொடிக்கு விடுதல் இயலும். துப்புரவுப் பணி என்னும் பெயரிலே பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு கரையிலுள்ள பிளாத்திக்கையும் அடம்பையும் சேர்த்து வாரி எரித்தல் மட்டும் வேண்டாம். முன்னது குப்பை, பின்னது வேலி.

நட விரும்பும் மாணாக்கர் ஐப்பசியிலே முதல் மழை நன்றாக மண்ணில் இறங்கியபின் தொடங்குக. முற்றாத, பூவாத தண்டை நான்கு கணு இருக்குமாறு வெட்டி, இரண்டு கணுவை மணலுள் ஒரு சாண் ஆழத்திற் சாய்வாகப் புதைத்தல் வேண்டும். அலை எட்டும் இடத்தில் நட்டால் மாரிக்கடல் கொண்டுபோகும். உயர்நீர்க்கோட்டுக்கு மேலே, கரைக்கு ஒப்ப இரண்டு மூன்று வரிசையாக, ஒன்றை அடுத்தது இடைவெளியில் நிற்குமாறு நடுக. வித்துக்கொண்டு வளர்ப்பதாயின், அதன் தோல் கல்போன்றது. ஓரத்தை அரத்தால் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, பையிலே முளைப்பித்து மாற்றலாம். வேர் ஊன்றும்வரை கால்மிதி படாமற் சுற்றிப் பனையோலையோ மட்டையோ குத்திவிடுக. ஆட்டடிக்கொடி என்று பெயரிருப்பினும், முதல் இரண்டு மாதத்துக்கு ஆட்டை அப்பக்கம் கட்டாதிருத்தல் நலம்.